பூக்கள் மலையேறும் மாதங்கள்: குமாவுன் நாட்குறிப்பு

மாசி 28

உத்தராகண்டின் குமாவுன் மலையடிவாரத்தில், காத்கோதாமோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மலைதான். தில்லியிலிருந்து இரவு வண்டியில் வந்து விடியலில் இறங்குபவர்களுக்காக நிலைய வாசலிலேயே ஷேர் ஜீப்புகள் காத்து நிற்கின்றன. பவாலி வழியாக ஏறி, கோசி ஆற்றங்கரைக்கு இறங்கி, மறுபடியும் ஏறி அல்மோராவை அடைய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆற்றை ஒட்டிய படிவயல்களில் கடுகு பூத்து முடியும் தறுவாயில் இருந்தது. வீட்டு முற்றங்களில் பீச் மரங்கள், ஓர் இலைகூட விடாமல், கிளை முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தன.

அல்மோரா ஏறத்தாழ 1640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நான் வைகாசி வரை வாடகைக்கு எடுத்திருக்கும் அறை அதற்கும் மேலே, காசர் தேவி கோயிலைத் தாண்டிப் பின்சருக்குச் செல்லும் மலைமுகட்டில், 2100 மீட்டர் அளவில் உள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறது. கீழே கண்ட பூக்களில் ஒன்றும் இங்கே இல்லை. மரங்கள் மொட்டையாக நிற்கின்றன; வெயில் எட்டாத வேலி ஓரத்தில் காலையில் விழுந்த உறைபனி நண்பகல் வரை கரையவில்லை.

காரணம் எளியது. 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறைகிறது. ஆற்றங்கரையில் மாசியிலேயே தொடங்கிவிடும் வசந்தம் இந்த முகட்டை எட்டப் பங்குனி நடுவாகிவிடும்; பின்சர் உச்சிக்குப் போய்ச் சேரச் சித்திரை பிறந்துவிடும். அந்த மெதுவான ஏற்றத்தை இருந்த இடத்தில் இருந்தபடியே பார்ப்பது என்பதைத் தவிர எனக்கு வேறு பயணத் திட்டம் இல்லை. வீட்டுக்காரரை ஊர் வழக்கப்படி தாஜ்யூ (அண்ணன்) என்றும், அவர் மனைவியைத் தீதி (அக்கா) என்றும் அழைக்கத் தொடங்கியிருக்கிறேன். இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். "இரண்டு மாதம் இங்கே என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று தீதி கேட்டார். சுற்றிப் பார்க்கப் போவதில்லை என்று நான் சொன்னதை அவர் அவ்வளவாக நம்பவில்லை.

பங்குனி 1

விடிந்தும் விடியாததுமாக வாசலில் குழந்தைகளின் குரல் கேட்டது. நமக்குப் பங்குனி பிறக்கும் நாளில் இவர்களுக்குச் சைத் மாதம் பிறக்கிறது, அன்றைக்குப் பூல்தேயி. சிறுவர்களும் சிறுமியரும் கூடையும் தட்டுமாக வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வாசற்படியிலும் பூவைத் தூவி, அந்த வீட்டு வாசல் மங்கலமாக இருக்கட்டும், குதிர் நிறையட்டும் என்று பாடுகிறார்கள். தீதி ஒவ்வொரு கூடையிலும் ஒரு பிடி அரிசியும், ஒரு துண்டு வெல்லமும், நாணயமும் இட்டார். சேரும் அரிசியை மாவாக்கி மாலையில் இனிப்புச் செய்வார்களாம்.

முகட்டில் பூவே இல்லாதபோது கூடை எப்படி நிறைந்தது என்பதுதான் என்னைக் கவர்ந்தது. நேற்று மாலை பிள்ளைகள் கூட்டமாக ஒரு மணி நேரம் சரிவில் இறங்கி, மஞ்சள் நிறப் பியோலியும், பீச் பூவும், முதல் சில செந்நிறப் புரான்ஷ் பூக்களும் பறித்து வந்திருக்கிறார்கள். வசந்தம் தங்கள் ஊருக்கு ஏறி வரும்வரை காத்திராமல், போய் ஒரு கூடை எடுத்துவந்து எல்லார் வாசலிலும் வைத்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு இந்த விழாவில் அரிசி கொடுப்பதைத் தவிர வேலையே இல்லை என்பதும் எனக்குப் பிடித்திருந்தது.

பங்குனி 4

குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. வராத நாட்களில் ஊருக்குக் கீழே இருக்கும் நௌலாவுக்குப் போகிறோம். நௌலா என்பது குமாவுன் மலைகளின் பழைய ஊற்றுத் தொட்டி. சரிவிலிருந்து கசியும் நீரைத் தேக்க, உள்நோக்கி இறங்கும் கற்படிகளோடு கட்டி, மேலே கற்கூரை போட்டிருக்கிறார்கள். உள்சுவரில் தேய்ந்த ஒரு தெய்வ உருவம் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நீர் மொள்ள வேண்டும். குளிப்பதோ துணி துவைப்பதோ கூடாது. இப்படிப்பட்ட நௌலாக்கள் பல வறண்டுவிட்டன. இது வறளாமல் இருப்பதற்கு மேலே நிற்கும் பாஞ்ச் மரங்களே காரணம் என்று தீதி உறுதியாகச் சொல்கிறார். பாஞ்ச் என்பது இமயமலை ஓக். அதன் அடியில் மக்கிக் கிடக்கும் இலைப்படுகை மழைநீரைப் பிடித்துவைத்து, மெல்ல மெல்ல மண்ணுக்குள் விடுகிறது. பைன் காட்டின் அடியில் அப்படியொரு படுகை உண்டாவதில்லை.

போக இருபது நிமிடம், குடத்தோடு ஏறி வர முப்பது நிமிடம். முதல் நாள் இது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. இன்று நௌலாவின் திண்ணையில் முறைக்காகக் காத்திருந்த அரை மணி நேரத்தில், நாளின் மிக நல்ல பகுதி இதுதான் என்று தோன்றியது. பெண்கள் பேசும் குமாவுனி மொழி எனக்குப் பாதிதான் புரிகிறது. ஆனால் அவர்கள் பேசுவது எருமையைப் பற்றியும் மருமகளைப் பற்றியும்தான் என்பது முழுவதும் புரிகிறது.

பங்குனி 9

பிற்பகலில் வானம் கறுத்து, நெல்லிக்காய் அளவில் ஆலங்கட்டி விழுந்தது. கால் மணி நேரந்தான். தகரக் கூரையின் அடியில் இருந்த எங்களால் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க முடியவில்லை. நின்றதும் தாஜ்யூ குடையைக்கூட எடுக்காமல் கீழ்த்தோட்டத்துக்கு ஓடினார். முந்தாநாள்தான் முழுதாகப் பூத்த பிளம் மரங்களின் அடியில், வெள்ளை இதழும் வெள்ளைப் பனிக்கட்டியும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடந்தன.

அது பார்க்க அழகாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. மேற்கிலிருந்து வரும் குளிர்காலக் காற்றழுத்தங்களின் கடைசி மழைகள் பூக்கும் காலத்தோடு மோதினால் அந்த ஆண்டின் காய் போயிற்று. "மேல்தோட்டம் இன்னும் மொட்டாகத்தான் இருக்கிறது; அது பிழைத்தது" என்று தாஜ்யூ இரவுச் சாப்பாட்டின்போது கணக்குச் சொன்னார். ஒரே மலையில் வெவ்வேறு உயரங்களில் துண்டு துண்டாக நிலம் வைத்திருப்பதை நான் இதுவரை தொல்லை என்றே எண்ணியிருந்தேன். எல்லாம் ஒரே நாளில் பூக்காமல் இருப்பதே இவர்களுக்குக் காப்பீடு.

சாப்பாடு கேழ்வரகு ரொட்டியும் கொள்ளுப் பருப்பும். இங்கே முறையே மடுவா, கஹத். ரசமாகக் கரைக்காமல் கெட்டியாக வேகவைத்து, மேலே நெய்யும் ஜம்பூ என்னும் உலர்ந்த மலை மூலிகையின் தாளிப்பும் சேர்க்கிறார்கள். குளிர் இரவில் இதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

பங்குனி 15

புரான்ஷ் முகட்டுக்கு வந்துவிட்டது. நேற்று வரை கரும்பச்சையாக இருந்த சரிவில் இன்று இருபது முப்பது இடங்களில் சிவப்பு. ஒரு வாரத்தில் எண்ண முடியாமல் போகும் என்கிறார்கள். இது ரோடோடெண்ட்ரான் இனத்தைச் சேர்ந்த மரம். உத்தராகண்டின் மாநில மரமும் இதுவே. பத்துப் பதினைந்து மணிப்பூக்கள் சேர்ந்து கைக்கு அடங்காத ஒரு கொத்தாகும்; ஒவ்வொரு பூவின் அடியிலும் ஒரு துளி தேன். தேன்சிட்டுகளும் கொண்டைக்குருவிகளும் காலையிலேயே வந்துவிடுகின்றன. லங்கூர் குரங்குகளோ பூவையே தின்றுவிடுகின்றன.

நீலகிரியிலும் பழனிமலையிலும் சோலைக்காடுகளின் ஓரத்தில் இதே இனத்தின் தெற்கத்திய வகை நிற்கிறது. நாம் அதைக் காட்டுப்பூவரசு என்கிறோம். இடையில் ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் சமவெளியும் பீடபூமியும். அங்கெல்லாம் இந்த மரம் இல்லை. உதகையில் பலமுறை அதனருகே நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தவள்தான் நான். ஒரு மரம் பூப்பதைப் பார்ப்பதற்கும், அது கீழ்ச்சரிவிலிருந்து மேல்ச்சரிவுக்கு நாளுக்கு நாள் ஏறி வருவதைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இப்போதுதான் விளங்குகிறது.

மாலையில் தீதியோடு சேர்ந்து சர்பத் காய்ச்சினேன். மகரந்தத் தாள்களை நீக்கி, இதழ்களை மட்டும் கழுவி, கொஞ்சம் நீரில் வேகவிட்டுப் பிழிய வேண்டும். சாற்றில் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்தால் மங்கிய நிறம் சட்டென்று செந்நிறமாகத் திரும்புகிறது. அந்த ஒரு நொடிக்காக நான் மூன்று எலுமிச்சம்பழங்களை வீணாக்கினேன் என்பது தீதியின் குற்றச்சாட்டு. எந்த மரத்திலும் எல்லாப் பூவையும் பறிப்பதில்லை. முன்பெல்லாம் பங்குனிக்கு முன் புரான்ஷைப் பார்க்கவே முடியாது, இப்போது சில ஆண்டுகளில் தை மாதமே பூத்துவிடுகிறது என்று தாஜ்யூ கவலையோடு சொன்னார்.

பங்குனி 18

இன்று ஒன்றும் நடக்கவில்லை. துணி காய்ந்தது.

பங்குனி 22

தீதிக்கு இன்று பிடௌலி வந்தது. சைத் மாதத்தில் மணமான பெண்ணைப் பார்க்கப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ தந்தையோ பலகாரமும் துணியும் எடுத்துக்கொண்டு வருவது குமாவுன் வழக்கம். நம் ஊர்ச் சீர்வரிசையை அறிந்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. ஆனால் இங்கே இது தலைத் தீபாவளியோடும் தலைப்பொங்கலோடும் நின்றுவிடுவதில்லை, ஆண்டுதோறும், பெண் பாட்டியான பிறகும் வருகிறது. சாலை இல்லாத காலத்தில், பனி விலகிப் பாதை திறந்ததும் செய்யும் முதல் வேலை இதுவாக இருந்திருக்க வேண்டும். இந்த மாதத்தில் குகுதி என்னும் புள்ளிப்புறா கூவினால் புகுந்த வீட்டில் இருக்கும் பெண்ணுக்குத் தாய்வீட்டு நினைவு வரும் என்பதைச் சுற்றி எத்தனையோ நாட்டுப்பாடல்கள் உள்ளன.

தீதியின் அண்ணனுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். இரண்டு ஜீப் மாறி, ஒரு துணிப்பையில் பூரியும், பெட்டி நிறையப் பால் மிட்டாயும், ஒரு நீலப் புடவையும் கொண்டுவந்திருந்தார். அண்ணனும் தங்கையும் முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டு மாலை வரை உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேசியது மிகக் குறைவு. பூரியைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பங்கிட வேண்டும் என்பதால் எனக்கும் வேலை கிடைத்தது. மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்கு அவள் தம்பி தில்லியிலிருந்து செல்பேசி வழியாகப் பணமாக அனுப்பிவிட்டானாம். பூரியை வாங்கிக்கொண்டு, "பணத்தை யாருக்குப் பங்கிடுவது?" என்றாள்.

பங்குனி 27

அல்மோராவுக்கு இறங்கினேன். லாலா பஜாரின் கல் பாவிய தெருவில் வண்டிகள் கிடையாது; செம்புக் குடங்கள் செய்யும் கடைகளிலிருந்து சுத்தியல் ஓசை வருகிறது. பால் மிட்டாய் இந்த ஊரின் பெருமை: கோவாவை, அதாவது சுண்டக் காய்ச்சிய பாலை, பழுப்பு நிறம் வரும்வரை வறுத்துத் துண்டாக்கி, மேலே வெள்ளைச் சர்க்கரை உருண்டைகளை ஒட்டியிருப்பார்கள். எனக்குச் சிங்கோரிதான் மேல் என்று படுகிறது. மாலூ இலைக் கூம்பில் சுற்றிய அந்தக் கோவாவில் இலையின் மணம் ஏறியிருக்கிறது, தித்திப்பும் அளவோடு நிற்கிறது.

இந்தச் சிறிய நகரத்தில் நடனக் கலைஞர் உதயசங்கர் தம் கலை மையத்தை நடத்தியபோது, பாலசரஸ்வதியின் குருவான கந்தப்பப் பிள்ளை இங்கே வந்து பரதம் கற்பித்தார். தஞ்சாவூர் மரபில் ஊறிய ஒருவர் இந்தக் குளிரில் எப்படித் தட்டுக்கழி பிடித்து ஜதி சொன்னார் என்று எண்ணியபடியே கடைத்தெருவில் நடந்தேன்.

திரும்பும் வழியில் சித்தை கோலு தேவதை கோயிலில் இறங்கினேன். கோலு நீதியின் தெய்வம். வழக்கில் தோற்றவர்களும் ஏமாற்றப்பட்டவர்களும் முத்திரைத்தாளில் விண்ணப்பம் எழுதி இங்கே தொங்கவிடுகிறார்கள், கேட்டது கிடைத்தால் மணி கட்டுகிறார்கள். மணிகள் ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன. விண்ணப்பங்களைப் படிக்கத் தடையில்லை என்றாலும் இரண்டு படித்ததும் போதுமென்றாயிற்று.

முகட்டுக்கும் நகரத்துக்கும் இடையே 450 மீட்டர்தான் உயர வேறுபாடு. அங்கே பீச் மரங்களில் பிஞ்சு தெரிகிறது. எங்கள் வீட்டில் இன்னும் பூ.

சித்திரை 1

குமாவுனில் இன்று பைசாக் பிறக்கிறது; பிகௌதி என்று சொல்லித் துவாராஹாட்டில் பெரிய சந்தை கூட்டுகிறார்கள். நான் போகவில்லை. வீட்டில் கொஞ்சம் வெல்லமும், சித்தையிலிருந்து கொண்டுவந்த வேப்பங்கொழுந்தும், ஒரு மாங்காயும் இருந்தன, பச்சடி செய்தேன். தாஜ்யூ வேப்பங்கொழுந்தைத் தனியே எடுத்து ஓரம் வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

நம் நூல்கள் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்கின்றன. மதுரையில் வளர்ந்த எனக்குப் பள்ளியில் மனப்பாடம் செய்த இந்தப் பாகுபாடு எப்போதும் ஓர் ஏமாற்று வேலையாகவே தோன்றியதுண்டு. தார்ச்சாலை உருகும் மாதத்துக்கு யார் இளவேனில் என்று பெயர் வைப்பார்கள்? இந்த முகட்டில் அந்தப் பாகுபாடு நாள் தவறாமல் பொருந்துகிறது. பங்குனியில் கடைசி உறைபனி. இன்று முதன்முறையாகக் கம்பளிச் சட்டையில்லாமல் வெளியே உட்கார முடிந்தது. பாஞ்ச் மரங்கள் பழைய இலையை உதிர்த்துக்கொண்டே புதுத்துளிரை விடுகின்றன. துளிரின் அடிப்புறம் வெள்ளி நிறம் என்பதால் காற்றடிக்கும்போது காடே நிறம் மாறுகிறது.

சித்திரை 8

பின்சருக்கு நடந்தேன். 1988 முதல் அது வனவிலங்குச் சரணாலயம். அதற்கு முன் குமாவுனை ஆண்ட சந்த் அரசர்களின் கோடைத் தங்கலாக இருந்தது. உச்சி 2400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. எங்கள் ஊரில் புரான்ஷ் உதிர்ந்து பாதையில் பழுப்பாகி மிதிபட்டுக் கிடக்க, மேலே ஏற ஏறப் பூ கூடிக்கொண்டே வந்து, உச்சிக்குக் கீழே பங்குனி 15ஆம் நாள் மறுபடியும் எனக்குக் கிடைத்தது. காலத்தில் பின்னோக்கிப் போக இரண்டு மணி நேர நடை போதுமானதாக இருக்கிறது. இன்னும் உயரமான மலைகளில் இதே மரம் வெளிர்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூக்கும்.

வடக்கே திரிசூல், நந்தாதேவி, பஞ்சசூலி என்று வரிசையாகத் தெரிந்தன. 7816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவியின் தலையில் மட்டும் ஒரு துண்டு மேகம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். படம் எடுக்க வந்த இளைஞர் குழு ஒன்று பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டது. அவர்களுக்கு மாலைக்குள் கௌசானி போயாக வேண்டும்.

சித்திரை 16

மூன்று நாட்களாகப் பனிமலைகள் இல்லை. கீழ்ப் பள்ளத்தாக்குகளில் பைன் காடுகள் எரிகின்றன. புகை முகடு வரை ஏறி நிற்கிறது, மாலைச் சூரியன் செம்புத் தட்டாக விழுகிறது. பிரூல் என்னும் உதிர்ந்த பைன் ஊசிகள் முழங்கால் அளவுக்குக் காய்ந்து கிடக்க, ஒரு பீடித் துண்டு போதும். 2024 ஜூனில் பின்சரில் தீயணைக்கச் சென்ற வனத்துறைப் பணியாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களைப் பற்றி ஊரில் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள்.

பெண்கள் ஊரைச் சுற்றி இருந்த பிரூலை வாரிக் கூட்டி, ஐந்தடி அகலத்துக்கு மண் தெரியும்படி தீத்தடுப்புப் பட்டை அமைத்தார்கள். நானும் முதுகில் கூடையோடு இரண்டு நாள் போனேன். அமைதி தேடி வருபவர்கள் இந்த இரண்டு வாரங்களைத் தவிர்க்கவே விரும்புவார்கள். எனக்கோ, தொண்டை எரிந்தாலும், இந்த ஊரோடு நெருக்கமாக உணர்ந்த நாட்கள் இவைதாம். நடுப்பகலில் வேலையை நிறுத்திவிட்டு, உப்பும் பச்சை மிளகாயும் பூண்டும் அம்மியில் அரைத்த பிஸ்யூ லூணைத் தடவி முள்ளங்கி தின்றோம். அதைவிட ருசியான ஒன்றை இந்த மலையில் நான் இன்னும் சாப்பிடவில்லை.

சித்திரை 25

இரவு முழுவதும் மழை. காலையில் புகை கழுவப்பட்டு மலைகள் திரும்பி வந்தன. தாஜ்யூ மழையைப் பற்றி மகிழவில்லை, ஏனெனில் கீழ்வயலில் கோதுமை அறுவடைக்கு நிற்கிறது. தீதி மகிழ்ந்தார், ஏனெனில் நௌலாவில் நீர் ஒரு படி ஏறியிருக்கிறது.

குயில் இனத்துப் பறவை ஒன்று நான்கு சுரத்தில் விடாமல் கூவுகிறது. அது 'காஃபல் பாக்கோ', அதாவது காஃபல் பழுத்துவிட்டது என்று சொல்வதாகக் குமாவுனில் கேட்டுக்கொள்கிறார்கள். கூடை நிறையப் பறித்த காஃபல் பழங்களுக்கு மகளைக் காவல் வைத்துவிட்டு வயலுக்குப் போன தாய், வெயிலில் வாடிச் சுருங்கி அளவு குறைந்திருந்த பழங்களைக் கண்டு மகள் தின்றுவிட்டாள் என்று அடிக்க, பட்டினியாய் இருந்த குழந்தை இறந்துபோக, மாலை மழையில் பழங்கள் நீரேறிக் கூடை மறுபடி நிறைந்ததைப் பார்த்துத் தாயும் உயிர்விட்டாள் என்பது கதை. இருவரும் பறவைகளாகி, ஒருத்தி பழுத்தது என்கிறாளாம், மற்றவள் நான் தொடவில்லை என்கிறாளாம். இவ்வளவு கொடுமையான கதையைத் தீதி வெங்காயம் உரித்துக்கொண்டே புன்னகையோடு சொல்லி முடித்தார்.

வைகாசி 3

கீழிருந்து காஃபல் வந்துவிட்டது. கருஞ்சிவப்பாக, சுண்டைக்காயைவிடச் சிறியதாக இருக்கும் இந்தப் பழத்தில் கொட்டைதான் பெரும்பகுதி. சதை புளிப்பும் இனிப்பும் கலந்த ஒரு மெல்லிய போர்வை. காட்டில் மட்டுமே விளைகிறது, தோட்டத்தில் யாரும் வளர்ப்பதில்லை. அல்மோரா சாலையோரத்தில் பெண்கள் கூடையில் வைத்து, ஈர இலையால் மூடி, கேட்பவர்களுக்கு உப்புத் தூவிக் கொடுக்கிறார்கள். வேலியெங்கும் ஹிசாலூ மஞ்சளாகப் பழுத்திருக்கிறது. அதைப் பறிக்கப் போனால் முள் கிழிப்பது உறுதி. பறித்ததை வீடு வரை கொண்டுவர முடிந்ததில்லை, வழியிலேயே தீர்ந்துவிடுகிறது.

சமவெளியிலிருந்து கோடைக் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. தாஜ்யூ என் அறையை அடுத்த வாரத்திலிருந்து வேறொரு குடும்பத்துக்குச் சொல்லிவைத்திருக்கிறார். வர எண்ணுபவர்களுக்கு: பங்குனிக்குக் கம்பளி கட்டாயம், சித்திரைக்கும் ஒன்று இருக்கட்டும். ஒரே ஊரில் தங்குங்கள், நைனிதாலையும் கௌசானியையும் முக்தேஷ்வரையும் நான்கு நாளில் முடிக்கும் திட்டத்தோடு வந்தால் ஜீப்பின் சன்னலைத்தான் பார்ப்பீர்கள். காஃபல் கொண்டுவரச் சொல்லி எழுதிய நண்பர்களுக்கு: அது இரண்டு நாள்கூடத் தாங்காது, தில்லியைத் தாண்டாது. புரான்ஷ் சர்பத் நான்கு புட்டி எடுத்து வருகிறேன். அதில் ஒன்று தீதி என் அக்காவுக்கென்று பெயர் சொல்லிக் கொடுத்தது, அதைக் கேட்க வேண்டாம்.